தாம்பூலத்தில் கொடுத்த சொல்

ஐப்பசி அடைமழை செஞ்சியின்மேல் இறங்கிவிட்டால் மலைகள் தவத்தில் அமர்கின்றன. கோடை முழுதும் வெயிலை வாங்கி வெளுத்துக் கிடந்த பாறைகள் கருமை கொள்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி வைத்தாற்போன்ற அக்குண்டுக் கற்களின் இடுக்குகளில் நீர் நூல் நூலாக இழிகிறது. இராசகிரியின் உச்சி முகிலுக்குள் புகுந்து நாள்கணக்கில் வெளிவருவதில்லை. கோட்டை மதிலோரம் ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. கொல்லைகளில் மல்லாட்டை என்னும் நிலக்கடலைக் கொடி முற்றித் தலைசாய்ந்து கிடக்க, பிடுங்குவதற்கு மழை விடட்டும் என்று உழவர்கள் வானத்தைப் பார்த்திருக்கிறார்கள். சந்தையில் இரைச்சல் இல்லை. தேநீர்க் கடைகளிலும் பேச்சு தாழ்ந்து ஒலிக்கிறது. மனிதர் வாய் அடங்க, வானம் இடையறாது ஓதிக்கொண்டிருக்கும் காலம் அது. இருப்பவர்கள் இல்லாதவர்களை எண்ணி, விடிந்த பின்னும் எழாமல் கிடக்கும் காலம்.

அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமைக் காலையில், அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் பேருந்தில் அமர்ந்திருந்த மங்கை, மழைக்கு நடுவே சாலையோரமாகத் தன் தாத்தா நடந்து போவதைக் கண்டாள்.

உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தார். வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. நடையைக் கொண்டுதான் அவரை அடையாளம் கண்டாள். செஞ்சிக் கோட்டையில் காவல்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற தங்கராசுவுக்கு மலைப்படி ஏறுகிறவரின் நடை சமதரையிலும் மாறியதில்லை. மங்கை எழுந்து குரல் கொடுத்து வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். நடத்துநர், "பாப்பா, ஆபீஸுக்கு லேட்டாவுமே" என்றார்.

"தாத்தா, இன்னா இது? கொல்லைக்குப் போறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு இங்க எங்க நடக்குறே?"

அவர் அகப்பட்ட திருடன்போல் நின்றார். "சிங்கவரம் பெருமாள் கோயிலுக்குப் போறேன் கண்ணு. சனிக்கெழம இல்ல?"

"இம்மாந்தொலவு நடந்தா? பஸ்ஸு போவுதே."

"பஸ்ஸுக்குக் காசு வோணுமே."

"போன வாரந்தான பென்சன் வாங்கியாந்தே?"

"அத்த ஒங்கம்மா கையில குடுத்துட்டேனே."

"அம்மாவக் கேட்டா குடுக்காதா?"

தங்கராசு முகத்தில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டார். "குடுக்கும். ஏன் குடுக்காது? கேக்கணுமே கண்ணு. எனக்குக் கேட்டுப் பழக்கமில்ல. ஒங்க ஆயா இருந்தவரைக்கும் நான் கேட்டதே இல்ல."

அடுத்த பேருந்து வரும்வரை இருவரும் ஒரு புளிய மரத்தடியில் நின்றார்கள். மரம் தான் வாங்கிய மழையை மெல்ல மெல்ல அவர்கள்மேல் விட்டது.

அவர் சொன்னது உண்மை. சம்பளம் கையில் விழுந்த முதல் நாள் தொட்டு, வேலையை விட்டு இறங்கிய நாள் வரைக்கும், பிறகு ஓய்வூதியத்தையும், தங்கராசு மடிப்புக் கலைக்காமல் மனைவி காத்தாயியிடம் கொடுத்துவிடுவார். அடுப்பை ஆளுகிறவள் கையில்தான் காசு தங்கும் என்பது அவருடைய தகப்பனார் வழி வந்த நம்பிக்கை. காத்தாயியோ, அவருக்கு எது எப்போது வேண்டும் என்பதை அவர் அறியுமுன் அறிந்திருந்தாள். செருப்பு தேய்ந்தால் புதுச்செருப்பு வாசலில் இருக்கும். சனிக்கிழமை விடிந்தால் பெருமாளைச் சேவிக்கப் போவதற்கான சில்லறை சட்டைப் பையில் இருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் குனிந்தே தேய்ந்த குடும்பத்திற்கு, அவள் நாற்று நட்ட கூலியையும் சீட்டுக் கட்டிய பணத்தையும் சேர்த்து, செஞ்சிக்குத் தெற்கே கிணற்றோடு ஒரு துண்டு நிலம் வாங்கினாள். பட்டாவைக் கணவர் பெயருக்கு எழுதச் சொன்னவளும் அவளே. அந்த நிலத்தின் விலை இன்னதென்று அவர் அன்றும் கேட்கவில்லை, பின்பும் கேட்கவில்லை.

ஆடிக் கடைசியில் காத்தாயி காய்ச்சலில் போனாள். ஆவணியில் கருமாதி. பந்தலில் உறவு முழுதும் கூடியிருந்தபோது, தெருவின் மூத்தவரான அரங்கநாதன், "இனிமே ஒனக்கு யாருப்பா கஞ்சி ஊத்தறது?" என்று கேட்டார். துக்கம் ஆறாத தங்கராசு எழுந்தார். தாம்பூலத் தட்டை எடுத்துச் சபையில் ஒவ்வொருவருக்கும் நீட்டி, தைக்குள் நிலத்தை இரண்டு மகன்களுக்கும் சரிபாதியாக எழுதிக் கொடுத்துவிடுவதாகவும், தாம் மாதம் ஒரு வீடாக முறை வைத்துச் சாப்பிட்டுக்கொள்வதாகவும் சொன்னார். எல்லோரும் வெற்றிலை எடுத்துக்கொண்டார்கள். மூத்த மகன் பச்சைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். இளையவன் செல்லப்பன் தகப்பன் காலில் விழுந்தான். பெருந்தன்மை என்று ஊர் மெச்சியது. பச்சைமுத்துவின் மகள் மங்கையும் அன்று மெச்சியவர்களுள் ஒருத்தி. ஐப்பசி மாதத்து முறை அனந்தபுரத்தில் அவள் வீட்டில்தான் நடந்துகொண்டிருந்தது.

செஞ்சியில் இறங்கியதும், கூட்டுறவுச் சங்கத்தில் உடன் எழுத்தராக இருப்பவளிடம் அன்றைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மங்கை தாத்தாவை அவருடைய சொந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றாள். பூட்டிக் கிடந்த வீடு. உள்ளே ஓட்டின் வழியே நீர் சொட்டி, அடுப்புக்குள் குளம் கட்டியிருந்தது. தங்கராசு அந்த அடுப்பைப் பார்த்தபடி நின்றார்.

"தாத்தா, எங்க வூட்ல ரெண்டாந்தடவ சோறு ஏன் வாங்க மாட்டேன்றே?"

"வயித்துக்குப் போதும்."

"போன வாரம் கை நடுங்குது, டாக்டருகிட்ட போவலாம்னு வாயெடுத்துட்டு ஏன் நிறுத்திக்கினே?"

அவர் வேட்டி முனையைப் பிழிந்தார்.

"சரி. ஒனக்கு ஒரு மாசத்துக்கு இன்னா செலவு புடிக்கும்? சொல்லு பாக்கலாம்."

"எனக்கு எப்டித் தெரியும்? ஒங்க ஆயாவக் கேளு" என்றவர், சொன்ன பிறகு தாம் சொன்னதை உணர்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

அரிசி விலை கேட்டாள். அவர் சொன்ன விலையில் அரிசி விற்ற காலத்தில் அவளுடைய தகப்பன் அரைஞாண் கட்டித் திரிந்திருப்பான். மங்கை சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் ஆடிக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு அது.

பிறகு அவள் பலகையை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்து, எதிரே தரையில் அமர்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஓய்வூதியம் ஓர் ஆளின் சோற்றுக்கும் எண்ணெய்க்கும் கரண்டு பில்லுக்கும் போதும். ரேஷன் அட்டை அவர் பெயரில் இருக்கிறது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் வருவது ஓடு மாற்றவும் மருந்துக்கும் ஆகும். அதில் மிஞ்சுவதை வங்கியில் அவர் பெயரிலேயே போட்டு வைத்தால், என்றோ ஒரு நாள் வரப்போகிற கடைசிச் செலவுக்கும் இருக்கும்.

"அந்தச் செலவுக்குப் புள்ளைங்க கீறானுங்களே" என்றார் தங்கராசு.

"கீறாங்க. அவங்களும் அன்னிக்கு யாருகிட்டயாவது போய் நின்னு கேக்கணுமில்ல?"

அது அவருக்குள் இறங்கியது. "நெலத்த எழுதிக் குடுத்துட்டா இதெல்லாம் ஆவாதா?" என்றார்.

"இப்பவே எழுதிக் குடுத்துட்டா அது அவங்களுது. அப்புறம் நீ திருப்பிக் கேக்க முடியாது. நெனச்சாலும் மாத்த முடியாது. உயிலா எழுதி வெச்சா நீ இருக்கிறவரைக்கும் ஒன்னுது, ஒனக்கப்புறம் அவங்களுது. பாதி பாதின்னு நீ சொன்னது அப்டியே நடக்கும். கொஞ்சம் பொறுத்து நடக்கும், அவ்ளோதான்."

"தைக்குள்ளன்னு சொன்னேனே மங்கை. வெத்தல குடுத்துச் சொன்னேன்."

அங்கேதான் முடிச்சு. அந்தத் தெருவில் தாம்பூலம் மாற்றிக் கொடுத்த சொல் கல்லில் வெட்டியது. அதைத் திரும்பப் பெறுவதற்கும் ஒரு முறை உண்டு: கொடுத்தவரே தட்டேந்தி, அன்று வெற்றிலை எடுத்தவர் ஒவ்வொருவர் முன்னும் நின்று, சொன்னதை எடுத்துக்கொள்கிறேன் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அவர்கள் வெற்றிலை எடுத்தால் சொல் திரும்பியது. ஒருவர் மறுத்தாலும் சொல் நிற்கும். முறை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறார்களே தவிர, அப்படி ஒருவர் நின்று பார்த்ததாக யாருக்கும் நினைவில்லை.

"வாயத் தொறந்து பஸ்ஸுக்குக் காசு கேக்கத் தெரியாதவன், சபையில போயி நின்னு இத்தக் கேக்கவா?"

"ஒரே ஒரு தடவ கேளு தாத்தா. கேட்டுட்டா ஆயுசுக்கும் யாரையும் கேக்க வேணாம்."

தங்கராசு எழுந்துபோய், அடுப்புக்குள் நின்ற நீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். கடைசிச் சொட்டு வரைக்கும் மொண்டார். பிறகு தம் துண்டால் அடுப்பின் உட்புறத்தை ஒற்றி எடுத்தார். அதுவே அவர் முடிவு என்று மங்கைக்குப் புரிந்தது.

அன்று பிற்பகல் அவள் பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் மஜீதிடம் போனாள். செல்லப்பன் ஏற்கெனவே முன்பணம் கொடுத்து, தானப் பத்திரம் எழுதச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். மஜீத் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"பாதி எழுதியாச்சும்மா. ஒங்க சித்தப்பன் ரொம்ப அவசரப்படுறான்."

"மீதிய எழுதாதீங்க பாய். தாத்தாவே வந்து உயில் எழுதுவாரு."

"எனக்கு இன்னா? தானமா எழுதுனாலும் உயிலா எழுதுனாலும் எழுதுற கைக்கு ஒரே கூலிதான். ஆனா தங்கராசண்ணன் வாயால வந்து சொல்லட்டும். ஒன் வாயால வேணாம். நாளைக்குப் பேரப்புள்ள கெடுத்துட்டான்னு பேச்சு வரும்."

"பேத்தி கெடுத்துட்டா" என்று மங்கை திருத்தினாள்.

"பாத்தியா, அதுக்குள்ள கெடுக்க ஆரம்பிச்சிட்டே" என்று சொல்லி மஜீத் பாதி எழுதிய தாளைப் பெட்டியின் அடியில் வைத்தார்.

அனந்தபுரம் வீட்டில் அது அவ்வளவு இலகுவாக இல்லை. பச்சைமுத்து இருப்புக் கொள்ளாமல் கூடத்தில் நடந்தான். தன் பங்கு நிலத்தை வைத்து மல்லாட்டை வியாபாரம் தொடங்க அவனும் எண்ணியிருந்தான்.

"நீ எனக்குப் பொண்ணா, அவருக்கு வக்கீலா?"

"ரெண்டுந்தான் நைனா."

"அந்தப் பாதி நாளைக்கு ஒங்கல்யாணத்துக்குத்தான்டி."

"எங்கல்யாணத்துக்கு நான் சம்பாரிக்கிறேன். தாத்தா கஞ்சிய வித்து எனக்குத் தாலி வேணாம்."

அவளுடைய தாய் ரத்தினம்மாள் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். அவள் கோபப்படவில்லை, முகம் வாடியிருந்தது. "நான் அவருக்கு இன்னா கொற வெச்சேன்? மொத சோறு அவருக்குத்தான் போடறேன். ஊரு என்னத்தான பேசும், மருமவ சரியில்லன்னு?"

மங்கை தாயின் கையைப் பற்றினாள். "நீ ஒரு கொறயும் வெக்கலம்மா. அவரு வேணும்னு சொல்ல மாட்டாரு, ஒனக்குச் சொல்லாம தெரியாது. ஆயாவுக்குத் தெரிஞ்சிது. அதுக்கு ஆயாவுக்கு ஒரு ஆயுசு புடிச்சிது. இன்னிக்கு மழையில சிங்கவரத்துக்கு நடந்துபோவப் பாத்தாரு, பஸ்ஸுக்குக் கேக்கக் கூச்சப்பட்டு."

ரத்தினம்மாள் கணவன் பக்கம் திரும்பி, "நீ மொதல்ல வெத்தல எடு" என்றாள். பச்சைமுத்து, "எல்லாம் பொம்பள ராச்சியமாப் போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே வாசலுக்குப் போனான். மறுக்கவில்லை.

கார்த்திகை முதல் ஞாயிறன்று அரங்கநாதன் வீட்டு முன்பு சபை கூடியது. மழை விட்டிருந்தது; ஈரத் தரையில் பாய் விரித்திருந்தார்கள். தங்கராசு வெளுத்த வேட்டி உடுத்து, நெற்றியில் நாமம் துலங்க, வெற்றிலைத் தட்டை இரு கைகளாலும் ஏந்தி வந்து நின்றார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"ஆவணியில ஒரு சொல்லு சொன்னேன். துக்கத்துல சொன்னேன், ஆனா மனசாரத்தான் சொன்னேன். அத்த இப்ப எடுத்துக்கிறேன். நெலம் எம்புள்ளைங்களுக்குத்தான், எனக்கப்புறம். நான் இருக்கிறவரைக்கும் எங்கஞ்சிய நானே காச்சிக் குடிக்கிறேன். பெரியவங்க வெத்தல எடுத்துக்கணும்."

பாயில் சலசலப்பு எழுந்தது. "கெழவனுக்குப் பொண்டாட்டி போனதும் புத்தி வந்துடுச்சா, போயிடுச்சா?" என்று பின்னால் ஒருவன் கேட்டான். "அடுப்பு ஊதத் தெரியுமா மாமா? மூஞ்சியில சாம்பல் படும்" என்றான் இன்னொருவன். சிலர் சிரித்தார்கள்.

"கோட்டையில தனியா காவல் இருந்தப்ப சமைச்சுத் தின்னவன்தான். சாம்பல் பட்டா கழுவிக்கிறேன்" என்றார் தங்கராசு. தட்டை முதலில் அரங்கநாதன் முன்னால் நீட்டினார்.

அரங்கநாதன் உடனே எடுக்கவில்லை. "சொன்ன சொல்ல எடுத்துக்கிறது சுலபமில்லப்பா. நாளைக்கு ஒன் வார்த்தைக்கு மதிப்பு இருக்குமா?"

"இல்லாமப் போனாப் போவட்டும் அண்ணே. எங்கையில ஒரு மதிப்பு இருந்தாப் போதும்."

அரங்கநாதன் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். அவருக்கும் இரண்டு மகன்கள், முறைச்சோறு. வெற்றிலை எடுத்தார். பச்சைமுத்து தலை குனிந்தபடி எடுத்தான். ஒருவர் பின் ஒருவராகக் கைகள் நீண்டன. தட்டு செல்லப்பன் முன்னால் வந்தபோது அவன் கைகளைக் கட்டிக்கொண்டான்.

"லாரி வாங்கப் பேசி முடிச்சிட்டேன். நெலம் வந்ததும் அத்த வெச்சுப் பங்குப் பணம் தரேன்னு என் கூட்டாளி கௌஸ் பாஷாகிட்ட வாக்கு குடுத்திருக்கேன். நீ சொன்ன சொல்லத் திருப்பிக்கினா நான் எங்க போயி திருப்பறது?" என்றவன் எழுந்தான். வெற்றிலை எடுக்காமல் சபையை விட்டு வெளியேறினான்.

அரங்கநாதன் கையை விரித்தார். "ஒருத்தன் எடுக்கலன்னா சொல்லு நிக்குதுப்பா."

ஆனால் தங்கராசு தட்டை இறக்கி வைக்கவில்லை. தெருவில் இறங்கி, தட்டை ஏந்தியபடியே நடந்தார். மங்கை பின்னால் ஓடியபோது, "நீ வராதே கண்ணு. இது நான் கேக்க வேண்டியது" என்றார். அவள் தெருமுனைத் தேநீர்க் கடையோடு நின்றுகொண்டாள்.

திருவண்ணாமலைச் சாலையில், செல்லப்பன் வேலை செய்யும், லாரிகள் பழுது பார்க்கும் கொட்டகை. செல்லப்பனும் கூட்டாளி கௌஸ் பாஷாவும் ஒரு பழைய லாரியின் அடியில் குனிந்திருந்தார்கள். தங்கராசு கொட்டகையின் வாசலில் நின்றார். கூப்பிடவில்லை. தட்டை மார்பளவில் ஏந்தி நின்றார்.

கௌஸ் பாஷா பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "பெரியவரே, உள்ள வந்து ஒக்காருங்க."

"ஒக்காந்தா காரியம் ஆவாது பாஷா. நான் நின்னே பொழச்சவன்."

செல்லப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. சாலையில் பேருந்துகள் போயின. ஏறிட்டுப் பார்த்தவர்களின் முகங்கள் போயின. வெயில் தகரக் கூரைக்கு மேலே ஏறி, மறுபுறம் சாய்ந்தது. வெற்றிலையின் ஓரங்கள் சுருளத் தொடங்கின. எத்தனையோ அரசர்கள் வந்து போன கோட்டையின் வாயிலில், வருவோர் போவோரைப் பார்த்து நிற்பதையே தொழிலாகச் செய்த உடம்பு அது. கால் கடுத்தபோது கால் மாற்றிக்கொண்டது. தட்டு மட்டும் அசையவில்லை.

கடைசியில் கௌஸ் பாஷாதான் பொறுக்கமாட்டாமல், "டேய் செல்லப்பா, எங்க அத்தா இப்டி நின்னாருன்னா நான் எஞ்சினக் கீழ போட்டுட்டு ஓடுவேன். போயி பேசுடா. லாரி எங்கயும் ஓடிடாது. அதுக்கு ஓட்டமே இல்ல" என்றார்.

செல்லப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "இன்னா நைனா, ஊரக் கூட்டறியா?"

"ஊரு வேணாம். நீ ஒருத்தன்தான் பாக்கி."

"உயிரோட இருக்கச்சே குடுத்தாத்தான் அப்பன்."

"குடுத்துட்டு ஒன் வாசல்ல கை ஏந்தினா அப்பன் இல்லடா, பாரம். இன்னிக்கு நீ வெச்சுக்குவே. ஒம்புள்ளைக்கு ஜுரம் வந்த அன்னிக்கு, எனக்கும் இருமல்னு நான் சொல்ல மாட்டேன். சொல்லாமயே கெடப்பேன். அது ஒனக்கும் பாவம், எனக்கும் பாவம். ஒங்கம்மா குனிஞ்சு குனிஞ்சு அந்த நெலத்த வாங்கினது நான் நிமுந்து நிக்கத்தான்."

"அப்ப எனக்கு லாரி?"

"எனக்குத் தெரியாதுடா. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன். அது நீ பாத்துக்க வேண்டியது. இது நான் பாத்துக்க வேண்டியது."

செல்லப்பன் தகப்பனின் முகத்தைப் பார்த்தான். அதில் கெஞ்சல் இல்லை, சினமும் இல்லை. அவனுக்கு அதுதான் கூச்சமாக இருந்தது. கௌஸ் பாஷாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் ஒன்றும் அறியாதவர்போல் சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"குடு" என்று சொல்லி ஒரு வெற்றிலையை எடுத்தான். "கை ஒடஞ்சிடப் போவுது." அதை வாயில் போடவில்லை. சட்டைப் பையில் திணித்துக்கொண்டு மறுபடியும் லாரிக்கு அடியில் போனான். அவன் மனம் ஆறவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் எடுத்துவிட்டான்.

மறு வாரமே மஜீதின் பலகைக்கு எதிரே அமர்ந்து, தங்கராசு தம் வாயாலேயே உயிலைச் சொன்னார்: நிலம் தமக்குப் பின் இரு மகன்களுக்கும் சரிபாதி; வீடும் அவ்வாறே; கிணற்று நீர் பங்கில் வழக்கு வரக்கூடாது. மஜீத் எழுதி, வாசித்துக் காட்டினார். தங்கராசு தாமே கையெழுத்திட்டார். நிலம், பக்கத்து நிலத்தை உழுகிறவரிடமே குத்தகைக்கு விடப்பட்டது. ஓடு மாற்றப்பட்டது. மங்கை நேரம் கிடைத்தபோதெல்லாம் சங்கத்திலிருந்து நேரே வந்து, வங்கியில் படிவம் எடுப்பது முதல் மின்கட்டணச் சீட்டைப் பார்ப்பது வரை உடனிருந்தாள். எதையும் அவளாகச் செய்யவில்லை. அவர் செய்ய, பக்கத்தில் நின்றாள். அவர் படிவத்தை இரண்டு முறை தப்பாக எழுதினார். மூன்றாம் முறை சரியாக எழுதினார். கடைக்காரரிடம் பேரம் பேசத் தெரியாமல் சொன்ன விலைக்கே வாங்கி வந்த அன்று, "இதுக்கு நீ அனந்தபுரத்துலயே இருந்திருக்கலாம்" என்று அவள் கடிந்துகொண்டாள். "மொத தடவ ஏமாந்தவன கடக்காரன் மறக்க மாட்டான், இனிமே மருவாத குடுப்பான்" என்றார் அவர். ரத்தினம்மாள் ஞாயிறுதோறும் குழம்பு கொடுத்தனுப்பினாள். அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டு, பாத்திரத்தில் மல்லாட்டை நிரப்பித் திருப்பியனுப்பினார். செல்லப்பன் மட்டும் இன்னும் வரவில்லை.

மார்கழி பிறந்தது. அம்மாதத்து ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு வந்தவர், பழக்கத்தால் அந்த நோட்டுகளை மங்கையின் பக்கம் நீட்டினார். அவள் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர் நாணிச் சிரித்து, நோட்டுகளைத் தாமே பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

பிறகு தாமே வாங்கிய அரிசியை முறத்தில் பரப்பிக் கல் பொறுக்கினார். அடுப்பில் உலை கொதித்தது. அரிசியைக் களைந்து போடுமுன் நின்றார். முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளி, புதிதாக வாங்கி வைத்திருந்த சிறு மண்கலயத்தில், பெருமாளுக்கென்று தனியே இட்டார். ஒரு மணியும் சிந்தவில்லை. கலயத்தின்மேல் துளசி இலை ஒன்றை வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன, ஒலி எழவில்லை. உலைநீர் மட்டும் பொங்கி, மூடியை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

கண் திறந்தபோது மங்கை அவர் காலடியில் குனிந்திருந்தாள். அரிசித் தவிடு ஒட்டியிருந்த தம் உள்ளங்கையை அவள் உச்சியில் வைத்தார்.

"நல்லா இரு கண்ணு. ஒங்கையி எப்பவும் குடுக்கற கையா இருக்கட்டும். யாரு வாசல்லயும் நிக்காத காலா இருக்கட்டும். பெருமாள் ஒன்ன அப்டியே வெச்சிருப்பாரு."